ஒரே பாயில் படுத்தவன்

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு தோளில் என் பை, இன்னொரு தோளில் அவனுடைய பை. காலையில் அறையின் சொந்தக்காரர் வந்து, செத்தவன் சாமான் இங்கே இருந்தால் போலீஸ் மறுபடியும் இங்கேதான் வரும், தனக்கு அது ஆகாது என்று சொல்லி, அவன் பையை வாசல்படிக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தார். அறையில் இருந்தவர்கள் அதை மிதித்துவிடாமல் ஒதுங்கி வேலைக்குப் போனார்கள். ஒருவனும் தொடவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகு அந்த அறைக்குள் திரும்பிப் போக மனம் வரவில்லை. என் துணிகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிது இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன் திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் செங்கல் ஏற்றினேன், போர்வெல் லாரியோடு ஆந்திரா வரை போனேன், கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். சேர்ந்தாற்போல் இரண்டு தீபாவளியை ஒரே ஊரில் பார்த்தது கிடையாது.

வானம் மூட்டமாக இருந்தது. புது கார்களை அடுக்கி ஏற்றிய நீள லாரிகள் பக்கத்தில் போகும்போதெல்லாம் காற்று ஆளைத் தள்ளியது. அவன் பை மெல்லிய நைலான் பை. எட்டு வைக்க வைக்க இடுப்பில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் உள்ளே சிவப்பாக ஏதோ மின்னி அணைந்தது. அவனிடம் ஃபோன் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஒரு சிறு பாலத்தின் சுவரில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். இரண்டு கைலி, மூன்று சட்டை, சோப்பு டப்பா, அடியில் பிளாஸ்டிக் கவரில் ஒரு ஜோடிச் செருப்பு. சிறு பிள்ளை போடுவது. ரோஸ் நிறம், மேலே பட்டாம்பூச்சி. நடந்தால் குதிகாலில் விளக்கு எரியும் வகை. விலைச்சீட்டுக் கட்டிய நூல்கூட அறுக்கவில்லை.

என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். விரல் நுனி வரைக்கும் வரவில்லை. அந்த அளவுக் கால் உள்ள பிள்ளை ஒன்று எங்கேயோ இருக்கிறது. அதற்கும் அதன் அம்மாவுக்கும், இவன் பிணவறைப் பெட்டிக்குள் கிடக்கிறான் என்பது தெரியாது. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய நாள் முடிந்ததும் போலீசே புதைத்துவிடும். அதற்குள் அவர்களைக் கண்டுபிடித்தால் முகத்தையாவது பார்ப்பார்கள். அப்போது எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

எங்கள் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் ஷீட் போட்டு வரிசையாகக் கட்டிய அறைகள். அறைக்குள் ஆள் அதிகம், பாய் குறைவு. பகல் ஷிஃப்ட்காரனும் இரவு ஷிஃப்ட்காரனும் ஒரு பாயைப் பங்கு போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். ஒருவன் எழுந்து போனால் மற்றவன் வந்து படுப்பான். என் பாயில் என்னோடு பங்கு அவன்தான். நான் உள்ளே வரும்போது அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்பான். வாசலில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சாப்பிட்டாச்சா, தண்ணி வருதா, கரண்டு போச்சா, அவ்வளவுதான் பேச்சு. எழுந்ததும் பாயைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போவான். சூடில்லாத பக்கம் எனக்கு வரும். வேறு எவனும் அறையில் அப்படிச் செய்ததில்லை, நானும் செய்ததில்லை.

அவனை எல்லோரும் தென்காசி என்று கூப்பிட்டார்கள். அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். தென்காசி என்று அவன் கம்பெனி கேட் பாஸில் போட்டிருந்தது. அந்தப் பாஸ் அவனுடையது இல்லை என்பது அறையில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் கேட்டதில்லை. ஒருவன் வேலையை விட்டு ஊருக்குப் போனால் ஆள் சப்ளை செய்கிறவர் அவன் பாஸை எடுத்து வைத்துக்கொள்வார். புதிதாக ஓர் ஆளைச் சேர்ப்பதென்றால் மெடிக்கல் பார்க்க வேண்டும், ஆதார் வேண்டும், பேங்க் கணக்கு வேண்டும். பழைய பாஸ் என்றால் அன்றைக்கே உள்ளே அனுப்பலாம். தொப்பியும் மாஸ்க்கும் போட்ட பிறகு படத்தில் இருப்பது யார் என்று யார் பார்க்கிறார்கள்.

ஆனால் அவனுக்கு வந்து வாய்த்த கேட்டில் செக்யூரிட்டியே திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பாஸைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, எந்தத் தெரு, எந்தக் கோவில் கொடைத் திருவிழா என்று தினமும் பேச்சுக் கொடுப்பார். அதனால் அவன் பாஸ்காரனின் ஊரை மனப்பாடம் செய்திருந்தான். அப்பா பெயர், தெரு, பள்ளிக்கூடம், அதன் பின்னால் இருக்கும் கிணறு. பேச்சையும் மாற்றிக்கொண்டான். "என்னலே", "வாரேன், போறேன்" என்று அந்தச் செக்யூரிட்டியே சந்தேகப்படாதபடி பேசுவான். பழகிப் பழகி அறையிலும் அப்படியே பேசினான். அந்தக் கிணற்றில் சின்ன வயதில் குதித்த கதையை எங்களுக்குச் சொல்லியிருக்கிறான். கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறோம்.

இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, விடியற்காலையில் சர்வீஸ் ரோட்டில் நடந்து வரும்போது ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. சட்டைப் பையில் இருந்த பாஸைப் பார்த்துப் போலீஸ் எங்கள் அறைக்கு ஆள் அனுப்பியது. அறையில் இருந்த எங்களைப் பிணவறைக்குக் கூட்டிப் போனார்கள். முகத்தில் அடி இல்லை. அவன் கண்ணை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவன் தூங்கும் நேரத்தில் நான் எப்போதும் கம்பெனி லைனில் வேலையில் நின்றுகொண்டிருப்பேன்.

ஆமாம் சார், தென்காசிதான் என்றோம். ஏட்டு அப்பா பெயரைக் கேட்டார், சொன்னோம். தெரு கேட்டார், சொன்னோம். போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவன் கிணற்றைக்கூடச் சொன்னான். ஏட்டுக்கு ரொம்பத் திருப்தி. ஊர்க்காரர்களைப் பிடித்து ஒரு நம்பர் வாங்கி, வீட்டாருக்குச் சொல்லிவிடலாம் என்று ஸ்பீக்கரில் போட்டார். இன்னார் வீடா என்று கேட்டார்.

"ஆமா, நாந்தான் பேசுதேன். யாரு அது?" என்றது அந்தப் பக்கம்.

ஏட்டு ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். "செத்தவனே லைன்ல கீறான். இன்னா கேக்கணுமோ நீங்களே கேளுங்கடா."

அந்த ஆள், வேலையை விட்டு வந்து வெகு காலம் ஆகிறது, பாஸை அங்கேயே கொடுத்துவிட்டேன், இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது என்றான். உண்மையாகத்தான் இருந்தது. ஏட்டு எங்களிடம் திரும்பி, அப்படியென்றால் உள்ளே கிடப்பவன் யார் என்று கேட்டார். அறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ் விஷயம் வெளியே வந்தால் எல்லோருக்கும் வேலை போய்விடும். தெரியாது சார் என்றான் முதலாமவன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். காலையில் பாதி ஊர்க்கதை சொன்ன ஆட்கள் மத்தியானத்தில் அவனைப் பார்த்ததே இல்லை என்று எழுந்து போனார்கள். கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரில் அவன் அடையாளம் தெரியாத ஆண் ஆனான்.

பையோடு நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ஏட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். இந்த ரோட்டில் இப்படிக் கிடைக்கும் உடல்களை எல்லாம் அவரிடம்தான் தள்ளுவார்களாம். டப்பாவை மூடிவிட்டு, நீ அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரே பாயில் படுப்போம் என்றேன். அவர் பையை வாங்கிக்கொண்டார். பையில் இருந்ததை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். செருப்பை வைக்கும்போது விளக்கு எரிந்தது. அணையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எல்லா ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறது, காணாமல் போனவர்கள் புகாரோடு ஒத்துப் பார்த்தாயிற்று, எதுவும் ஒத்துவரவில்லை என்றார். கைரேகையும் அனுப்பியிருக்கிறார்களாம். ஆனால் அது பழைய குற்றவாளிகளின் ரேகையோடுதான் ஒத்துப் பார்ப்பார்களாம்.

"திருடனா இருந்திருந்தா இந்நேரம் ஊரு போய்ச் சேர்ந்திருப்பான். ஒழுங்கா வேலை பாத்தவன், அதான் இங்கயே கெடக்குறான்."

அவனிடம் ஏன் ஃபோன் இல்லை என்று கேட்டார். ஒரு தடவை காலையில் வாசலில் என் ஃபோனை நீட்டி, வீட்டுக்குப் பேசுகிறாயா என்று நான் கேட்டது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றுவிட்டான். குரலைக் கேட்டால் பிள்ளை வா வா என்று அழும், கையில் கொஞ்சம் சேர்ந்ததும் நேரிலேயே போய்விடுவேன் என்றான். அதை அவன் எந்த ஊர்ப் பேச்சில் சொன்னான் என்று அங்கே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அது மட்டும் அவன் சொந்தப் பேச்சாக இருந்திருக்க வேண்டும். சொன்னது ஞாபகம் இருக்கிறது, சொன்ன விதம் ஞாபகம் இல்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை.

ஏட்டு ஒட்டப்போகும் அறிவிப்பை எடுத்துக் காட்டினார். அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்த, அடையாளம் தெரியாத, சுமார் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆண். மாநிறம். இடது புருவத்தில் பழைய தழும்பு. கறுப்பு அரைஞாண் கயிறு. மேலே படம். செருப்பையும் அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். படத்தைப் பார்க்கப் பயந்து திரும்பிக்கொள்கிற பெண்கூட அதைப் படித்தால் நிற்பாள் என்றேன். அவர் பேனாவால் கடைசியில் எழுதி, திருத்திக் கொண்டுவரச் சொல்லி டைப் அடிக்கக் கொடுத்தார். உடைமைகளில் சிறுமி அணியும், நடந்தால் விளக்கு எரியும் செருப்பு ஒரு ஜோடி. செருப்பை உறையில் போட்டு முத்திரை வைத்து எடுத்து வைத்துக்கொண்டார். சட்டைகளில் ஒன்றைத் தனியாக எடுத்துக் காலரைத் திருப்பிக் காட்டினார். தையல்காரன் பட்டை. கடைப் பெயர், கீழே வந்தவாசி.

நான் கேட்டுப் பார்க்கிறேன், அங்கே ஸ்டேஷனுக்குச் சொல்கிறேன் என்றார். கேட்டுப் பதில் வருவதற்குள் நாள் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. நான் போய்வரவா என்றேன். சட்டையைக் கொடுத்து, அறிவிப்பில் இருந்த படத்தை என் ஃபோனில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். போ, ஆனால் போலீஸ் அனுப்பியது என்று சொல்லாதே என்றார்.

அதற்கு முன்னால் ஆள் சப்ளை செய்கிறவரைப் பார்த்தேன். காலை வேளையில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் ஸ்டேஷன் வாசலில் நிற்பார். ரயிலில் வந்து இறங்கும் ஆட்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கம்பெனிகளுக்குப் பிரித்து அனுப்புவது அவர் வேலை. என்னைப் பார்த்ததும் ஸ்டேஷன் சுவர் ஓரமாக இழுத்துப் போனார்.

"இன்னா பங்காளி, நீ இன்னா சிபிஐயா? எல்லாரும் வாயை மூடிக்கினு கீறானுங்க, நீ மட்டும் ஏன் பையைத் தூக்கினு சுத்தினுகீற?"

அவன் ஊர் மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். அவர் மறைக்கிறார் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

"சத்தியமா தெரியாதுபா. இதோ இங்கதான் நின்னுகினு இருந்தான். ரயில்ல எவனோ பையை அட்ச்சிட்டான், கார்டு காசு எல்லாம் போச்சு, எந்த வேலைன்னாலும் செய்யறேன்னான். லைன்ல அன்னிக்கு ஆள் இல்ல. ஏத்தி அனுப்பிட்டேன். நான் ஊரு கேட்டனா, இன்னா கேட்டேன்? கை காலு நல்லா கீதான்னுதான் பாத்தேன்."

இனிமேல் உனக்கு என்னிடம் வேலை இல்லை என்றும் சொன்னார். எத்தனையோ ஷிஃப்ட் போகாமல் விட்டிருந்தேன், அது எதிர்பார்த்ததுதான்.

காஞ்சிபுரம் போய் அங்கிருந்து வந்தவாசிக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். நீங்கள் இன்னாரின் சம்சாரமா என்று ஆரம்பிக்க முடியாது. இன்னார் யார் என்பதைக் கேட்கத்தானே போகிறேன். படத்தைக் காட்டலாம். செத்த முகத்தின் படத்தை எடுத்த உடனே காட்டக் கூடாது. செருப்பைப் பற்றிக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

தையல் கடை மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருந்தது. வயதான தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சட்டையை வாங்கிப் பார்த்தார். என் கை வேலைதான் என்றார். ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், பையனைக் கூப்பிட்டுக் காட்டினார், பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினார். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு சட்டையின் தோளை என் தோளில் வைத்துப் பார்த்தார்.

"இவருக்கு என்ன உயரம்?"

என்னை விடக் கொஞ்சம் குட்டை என்றேன்.

"அப்போ இது அவருக்குத் தைச்சது இல்லைங்க. கை நீளம் பாருங்க. மடிச்சு மடிச்சுப் போட்டிருக்காரு, மடிப்பு விழுந்த எடம் வெளுத்திருக்கு."

துணி கொடுத்துத் தைக்கச் சொல்லிவிட்டு வாங்க வராதவர்கள் இருக்கிறார்களாம். ஒரு தீபாவளி பார்ப்பாராம், மறு தீபாவளி பார்ப்பாராம். அப்படியும் வராவிட்டால் பழைய துணிக்காரனிடம் மொத்தமாகத் தள்ளிவிடுவாராம். அவன் எந்தச் சந்தையில் போட்டு விற்பான் என்று யாருக்குத் தெரியும். எல்லாம் சொல்லிவிட்டு, சட்டையை அழகாக மடித்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். டீ வாங்கித் தந்தார். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. பகலில் ஏட்டைப் போய்ப் பார்ப்பேன். யாராவது வந்தார்களா என்று கேட்பேன். கோவில் மண்டபத்துப் பக்கம் படுத்துக்கொண்டேன். விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் தங்கள் மகனைத் தேடி வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, இது இல்லை என்று சந்தோஷத்தில் அழுதுவிட்டுப் போனது. அவர்கள் போன பிறகு பிணவறை ஊழியர் பெட்டியை மூடிக்கொண்டே, எல்லாரும் இவன் மூஞ்சியப் பாத்துட்டு நிம்மதியாப் போறாங்க என்றார்.

வைத்திருக்க வேண்டிய நாள் முடிந்தது. உடலை என்னிடம் கொடுங்கள், ஏதோ நல்லபடியாகச் செய்கிறேன் என்று ஏட்டிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார். உறவு என்று காட்ட ஒரு சீட்டும் இல்லாதவனிடம் கொடுக்க முடியாது என்றார். கேஸ் உள்ள உடல், மெடிக்கல் காலேஜுக்கும் போகாது, பயப்படாதே என்றார். பல்லும் எலும்பும் கொஞ்சம் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்களாம், பின்னால் யாராவது வந்தால் ரத்தத்தோடு ஒத்துப் பார்க்க. நான் எரிப்பதைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் குரலை உயர்த்தினார்.

"எரிக்கக் கூடாதுய்யா. உனக்கு நல்லபடியா செஞ்ச மாதிரி இருக்கும். நாளைக்கு ஒரு பொம்பள புள்ளையத் தூக்கிக்கினு வந்து என் புருஷன் எங்கன்னு நின்னா சாம்பலையா காட்டுவ? தோண்டிக் காட்டறதுக்கு எடம் ஒண்ணு வோணும்."

ஏரிக்கரை ஓரத்துச் சுடுகாட்டில் மத்தியானம் புதைத்தார்கள். நகராட்சி வண்டி வந்தது. வெள்ளைத் துணி சுற்றி, துணியின் மேல் மார்க்கரில் நம்பர் எழுதியிருந்தது. ஏட்டு தன் கைக்காசில் ஒரு மாலை வாங்கி வந்திருந்தார். தலையாரி ஒருவர் சாட்சிக்கு நின்றார். வெட்டியானும் அவர் மச்சானும் குழியை முடித்துவிட்டு, மண்வெட்டியைச் சாய்த்து வைத்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு பேச்சு வந்தது. எந்தச் சாதி, எந்த மதம், ஒன்றும் தெரியாது. அரைஞாண் இருந்தது என்றார் ஏட்டு. எங்க ஊர்ல சர்ச்சுக்குப் போறவனும்தான் கட்டிக்கிறான் என்றார் வெட்டியானின் மச்சான். கடைசியில் எல்லோருக்கும் வைக்கிற மாதிரி தெற்கே வைத்தார்கள்.

இறக்குவதற்கு முன்னால் வெட்டியான் ஒரு பொட்டலத்தில் அரிசி கொண்டுவந்து நீட்டினார். இது நகராட்சிக் கணக்கில் சேர்ந்தது இல்லை, வீட்டிலிருந்து கொண்டுவருவாராம்.

"யாரு போடறது? நீ இன்னா முறை?"

"முறை இல்ல. ஒரே பாய்ல படுப்போம். அவன் பகல்ல, நான் ராத்திரில."

"அது பொண்டாட்டி முறையாச்சேபா" என்றார் மச்சான். "அதுவும் சண்டை போட்டுக்கினு தனியாப் படுக்கற பொண்டாட்டி."

தலையாரி சிரித்துவிட்டார். ஏட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்டியான், பரவால்ல போடு, யாரோ ஒருத்தன் போட்டா சரி என்றார். துணியை முகத்தில் மட்டும் விலக்கினார். போட்டேன். அரிசி உதட்டில் நிற்காமல் உருண்டு பக்கத்தில் விழுந்தது.

மண்ணைத் தள்ளி முடித்ததும் ஒரு கருங்கல்லைத் தலைமாட்டில் நட்டு, கேஸ் நம்பரையும் வருஷத்தையும் பெயிண்டில் எழுதினார்கள். அந்த மாதிரிக் கற்கள் அங்கே வரிசையாக இருந்தன. சிலதில் பெயிண்ட் போய்விட்டது. ஏட்டு பக்கத்தில் இருந்த வேப்பமரமும் தெரியும்படி ஃபோனில் படம் எடுத்தார். பைக்கில் ஏறும்போது, எங்கே போகப் போகிறாய் என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன். இங்கேயே சுற்றிக்கொண்டு இருக்காதே, வேலையைப் பார் என்றார்.

மறுநாள் காலையில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எந்தப் பக்கத்து பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுவதுதான் என் வழக்கம். வேலூர் பஸ் வந்து நின்று, கண்டக்டர் கூவி, போயும்விட்டது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. யாரோ தோளைத் தட்டினார்கள். ஆள் சப்ளை செய்கிறவர், ஆள் பிடிக்க இங்கேயும் வந்திருந்தார்.

அன்றைக்கு வேலை இல்லை என்றவர் இப்போது வேலை இருக்கிறது என்றார். லைனில் ஆள் குறைகிறதாம், சூப்பர்வைசர் கத்துகிறானாம்.

"தென்காசி பேரு சிஸ்டத்துல அப்டியே உயிரோடதான் கீது. போலீஸ்ல மாட்டினது கார்டு ஒண்ணுதான, வேற அட்ச்சுக்கலாம். வரியா?"

என் பேரில் போடுங்கள், என்னிடம் ஆதார் இருக்கிறது என்றேன். போடலாம், ஆனால் நின்ற ஆளை மறுபடி சேர்க்க ஒரு மாசம் ஆகும், இன்றைக்கு என்ன செய்வது என்றார். அப்படியென்றால் வேண்டாம் என்றேன். செத்துடுவன்னு பயமா என்று கேட்டுச் சிரித்தார். இல்லை என்று சொல்வதற்குள் அவர் என்னைத் தாண்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தூண் பக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். அவனிடம் போய்ப் பேசினார். கையைக் காலைப் பார்த்தார். ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே அவன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். "தம்பி, உனக்கு எந்த ஊரு?"

அவன் காகிதத்தை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"தென்காசிண்ணே."

பஸ் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டின் பின்பக்கச் சுவரில் ஏட்டின் அறிவிப்பு ஒட்டியிருந்தது எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். படம் தெரிந்தது. அடிப்பாதியை மறைத்து 'ஹெல்பர்கள் உடனடித் தேவை, தங்குமிடம் இலவசம்' என்று ஒரு மஞ்சள் நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். செருப்பைப் பற்றிய வரி அதற்கு அடியில் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. பசை நன்றாகக் காய்ந்திருந்தது.

எதிரில் ஒரு பரோட்டா கடை. உள்ளே போய்த் தண்ணீர் வேண்டும் என்றேன். குடிக்கவா என்றார் கடைக்காரர். இல்லை, நோட்டீஸைக் கிழிக்க என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு சொம்பில் மோந்து கொடுத்தார். மஞ்சள் காகிதத்தை நனைத்து, ஊறவிட்டு, கீழே உள்ளது கிழியாமல் ஓரமாக உரித்தேன். நேரம் பிடித்தது. கடைசி வரி முழுதாக வந்தது. இரண்டு எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கல், படிக்க முடியும்.

சொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தட்டுக் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டேன். நேற்றோடு ஒருத்தன் நின்றுவிட்டான் என்றார். என்ன வேலை தெரியும், எங்கே இருந்தாய் என்று எதுவும் கேட்கவில்லை. நானாகவே என் பெயரையும் ஊரையும் சொல்லி, ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன். அது எதுக்குப்பா, தட்டு கேக்கப்போவுதா என்றார். இருக்கட்டும், கல்லாவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

தட்டுக் கழுவும் தொட்டி பின்கட்டில் இருந்தது. அங்கே நின்றால் அடுப்படிச் சுவர்தான் தெரியும். அதைக் கடைக்கு வெளியே, வாசல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வெயில் அடிக்கும் என்றார். பரவாயில்லை என்றேன். இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்துப் போட்டோம். காலைக் கூட்டத்தின் தட்டுகள் அதற்குள் சேர்ந்துவிட்டன. எதிரே அறிவிப்பு ஒட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கழுவ ஆரம்பித்தேன்.